மறு: மறு: டிரேலியருக்குத் தமிழ் (வெள்ளிக்குள் வேண்டும்)

கோ., ஒசாகா:
கலைச்சொல் குழுவில் எல்லாருக்கும் வணக்கம். பழைய ஜப்பானிய சைக்கிள் பாகங்களைச் சேர்ப்பது பற்றி ஒரு சிற்றிதழுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து பக்கத்துப் பற்சக்கரத்துக்குத் தள்ளுகிற உறுப்பு இருக்கிறதே, டிரேலியர், அதற்கு என்ன எழுதலாம்? அப்படியே விட்டால் மெய்ப்புப் பார்ப்பவர் சினிமா 'டிரெய்லர்' என்று திருத்திவிடுகிறார். கட்டுரையே அதைப் பற்றித்தான். 1964இல் சன்டூர் என்ற ஜப்பானிய நிறுவனம் கொண்டுவந்த சாய்ந்த இணைகரம். இணைகரம் என்றால் சங்கிலியைப் பக்கவாட்டில் நகர்த்தும் நான்கு மூட்டுச் சட்டம். அதுவரை ஐரோப்பியப் பாகங்களில் இணைகரம் சக்கர அச்சுக்கு இணையாகவே நகரும், அதனால் சிறிய பற்சக்கரத்துக்கு வரும்போது சங்கிலியை வழிநடத்தும் உருளைக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி பெரிதாகி கியர் மந்தமாக விழும். சன்டூர்காரர்கள் இணைகரத்தைச் சாய்த்தார்கள், உருளை பெரியதிலிருந்து சிறியதுவரை பற்சக்கரங்களின் சரிவை ஒட்டியே இறங்கியது. விலையும் மலிவு! 1984இல் காப்புரிமை முடிந்தது. அதே ஆண்டு போட்டி நிறுவனமான ஷிமானோ அந்தச் சாய்வைத் தன் பந்தய சைக்கிள் பாக வரிசையான டூரா-ஏஸில் எடுத்துக்கொண்டு, நெம்புகோலில் 'டிக் டிக்' என்று படிப்படியாக விழும் வசதியையும் சேர்த்துவிட்டது.

பேரா. இரா.:
பிரெஞ்சு மூலத்தின் பொருள் தடம்புரளச் செய்வது. எனவே 'தடம்புரட்டி'. சங்கிலி என்பது 'சிருங்கலா'வின் திரிபு, தவிர்க்கலாம். 'தொடர்' நம்மிடம் உண்டு: புறநானூறு 74இல் சேரமான் கணைக்கால் இரும்பொறை 'தொடர்ப்படு ஞமலி' என்கிறான், சங்கிலியில் கட்டிய நாய். தொடு, தொடை, தொடலை, தொடர் எல்லாம் ஒரே வேர். இதை விரித்துத் தனி மடல் இடுகிறேன். ஆக, 'தொடரித் தடம்புரட்டி'.

செ.:
ஐயா, தனி மடல் கட்டாயம் இடுங்கள், ஆனால் தொடரி என்பதை இதே குழுவில்தான் ரயிலுக்கு வைத்தோம். தொடரித் தடம்புரட்டி என்று அச்சில் வந்தால் போலீஸ்தான் தேடி வரும். ஜப்பானியர் பேசாமல் 'ஹென்சோகுகி' என்று வைத்துக்கொண்டார்கள், வேகம் மாற்றும் பொறி. நாமும் 'வேகமாற்றி' என்போமே?

கோ., ஒசாகா:
அது பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே பல் இருக்கும் வகைக்கும் பொருந்தும், எனக்கு இந்த ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 'கியர்மாற்றி' என்றால் கையால் தள்ளும் நெம்புகோல் என்று நினைப்பார்கள். சேகரிப்பவர்களுக்கு இரண்டும் வேறு வேறு, இரண்டுக்கும் வேறு விலை. என் மேசையில் இப்போது ஒரு ஷிமானோ கிடக்கிறது, முதுகில் இரண்டே ஆங்கில எழுத்து, ஐ, சி. முதல் எழுத்து ஆண்டு, ஏ என்றால் 1976, இரண்டாவது மாதம். அப்படியானால் இது 1984 மார்ச்சில் செய்தது. எழுத்து தேயாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பேரமே தொடங்கும்.

பழ.:
சக்கரத்துக்குச் சங்கத் தமிழில் 'கால்' என்றும் பெயர் உண்டே. 'கால்மாற்றி'?

செ.:
கால் மாறி ஆடியவர் மதுரை வெள்ளியம்பலத்தில் இருக்கிறார், அவரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

சி., யாழ்ப்பாணம்:
பேராசிரியர் ஐயா குறை நினைக்கக் கூடாது. 'தடம்புரட்டி' என்றால் எங்கட ஊர் சைக்கிள் கடையில் 'செயின் கழண்டிட்டுது' என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். நல்ல சாமான் செயினைக் கழற்றாது, கழற்றாமல் மாற்றுவதுதான் அதன் வேலை. பழுதானால் நடப்பதை அதற்கே பெயராக வைக்கிறீர்கள். கோ. தம்பி அந்தச் சாய்ந்த இணைகரத்தைப் பற்றி எழுதினதே சங்கிலி சுகமாக ஏறி இறங்குது என்று காட்டத்தானே? 'சங்கிலிமாற்றி' போதும்.

பேரா. இரா.:
சங்கிலிமாற்றி என்றால் நகைக்கடையில் தங்கத்துக்குப் பித்தளை வைப்பவன். வேண்டுமானால் 'தொடர்ப்பெயர்ப்பி' என்க. பெயர்த்தல் என்பதில் ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது இருக்கிறது, கழல்வது இல்லை. சி. அவர்களின் தடையும் நீங்கிற்று.

செ.:
அதைப் படிக்கிறவர் மொழிபெயர்ப்பு மென்பொருள் என்று நினைப்பார்.

கோ., ஒசாகா:
வியாழன் இரவாகிவிட்டது. 'சங்கிலிமாற்றி' என்றே போட்டு, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கமும் கொடுத்து அனுப்பிவிட்டேன். முன், பின் என்று அடைமொழி சேர்க்கவும் அதுதான் வசதியாக இருந்தது. நெம்புகோலுக்கு 'கியர் நெம்பு'. எல்லாருக்கும் நன்றி.

பேரா. இரா.:
இதழ் வரட்டும். குழுவின் சொற்பட்டியலில் 'தொடர்ப்பெயர்ப்பி'தான் இருக்கும், பக்கத்தில் 'பேச்சு வழக்கில் சங்கிலிமாற்றி' என்று குறித்துவிடுகிறேன்.

சி., யாழ்ப்பாணம்:
ஐயா, நேற்றுப் பிறந்த சொல்லுக்கு அதற்குள் பேச்சு வழக்கா? இந்தப் பதிவை நான் ஏற்கவில்லை, அதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.