புதுப்பிப்பு: கார்னாபா வாக்ஸா, சீலண்டா? கடைசியில் வாங்கியது

என் கருநீலக் காருக்கு எந்த வாக்ஸ் நல்லது என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தேன் இல்லையா, கடைசியில் செயற்கை சீலண்ட்தான் (வாக்ஸ் மாதிரியே பெயிண்ட் மேல் பூசும் செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) வாங்கினேன். கார்னாபா என்பது பிரேசில் நாட்டுப் பனை ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு, அடர்நிற பெயிண்டில் அது தரும் ஈரப் பளபளப்பு தனி அழகு, மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க வெயிலில் நிற்கிற வண்டியில் சில வாரம்தான் தாங்கும், மாதாமாதம் தேய்க்க எனக்குப் பொறுமை கிடையாது.

கழுவிய பிறகு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். பார்த்தேன், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு! க்ளே பார் (பெயிண்டில் ஒட்டிக்கொண்ட அழுக்கை எடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி) தேய்த்த பிறகுதான் வழவழவென்று ஆனது. அப்புறம் நிழலில் நிறுத்தி, சீலண்டை மெல்லிசாகப் பூசி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. மாஸ்கிங் டேப் ஒட்டாமல் விட்டதால் கண்ணாடி ஓரத்துக் கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டு, பழைய டூத்பிரஷ் போட்டுத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை.

நேற்று பெய்த மழையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. கீறல் மறைந்ததா என்று கேட்டவருக்கு: இல்லை, அதற்கு பாலிஷ்தான் போட வேண்டும்.