குலுக்கல் சீட்டுக்கு காத்திருக்கறதா, 90 ஆயிரம் டாலர் கடன் வாங்கறதா? (கலிபோர்னியா, நர்சிங்)

சுதா_சான்ஹோசே:
எல்லாருக்கும் வணக்கங்க. எனக்கு 36 வயசு, கோயமுத்தூர்ல பிஇ முடிச்சேன், கல்யாணமாகி இங்க வந்து பத்து வருஷம் ஆச்சு, போன வருஷம்தான் கிரீன் கார்டு வந்துச்சு. நர்சிங் படிச்சு ஆர்.என். (லைசென்ஸ் வாங்கின நர்ஸ்) ஆகறதுன்னு முடிவு பண்ணியாச்சு, எங்க படிக்கறதுங்கறதுலதான் குழப்பம். கம்யூனிட்டி காலேஜ்ல (அரசாங்கத்தோட ரெண்டு வருஷ காலேஜ்) இந்த ஸ்டேட் ஆளுங்களுக்கு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தோட ஒரு கிரெடிட்டுக்கு, 46 டாலர், முன்னாடி முடிக்க வேண்டிய சயின்ஸ் பாடமெல்லாம் சேர்த்து 80 யூனிட்னு வெச்சாலும் 3,680தாங்க வருது, புக்கு யூனிஃபார்ம் தனி. ஆனா நான் பார்த்த காலேஜ்ல சீட்டு குலுக்கல்ல தர்றாங்க. பக்கத்துல ஒரு பிரைவேட் காலேஜ்ல அடுத்த பேட்ச்லயே சேந்துக்கலாம்ங்கறாங்க, ஃபீஸ் 90 ஆயிரம். வீட்டுக்காரர் லோன் போட்டுக்கலாம்ங்கறார், எனக்கு ராத்திரி தூக்கமே வரலீங்க.

வாசு_ஃப்ரீமான்ட்:
சுதாம்மா, பயப்படாம சேருங்க. என் வொய்ஃப் பிரைவேட்லதான் படிச்சாங்க. தொழிலாளர் துறை கணக்குல மே 2024ல நாடு முழுக்க ஆர்.என்.களோட நடு சம்பளம் 93,600 டாலர், அதாவது பாதிப்பேர் அதுக்கு மேல வாங்கறாங்க. கலிபோர்னியா சராசரி 2023லயே 1,37,690. குலுக்கல்ல பேர் வராம ரெண்டு வருஷம் போச்சுன்னா நீங்க மிச்சம் பிடிச்ச 86 ஆயிரம் எங்க, விட்ட ரெண்டு வருஷ சம்பளம் எங்க? கடன் தொகையை மட்டும் பார்த்து பயப்படறவங்க இந்த பக்கத்தை பார்க்கறதே இல்ல. வயசு 36, ஒவ்வொரு வருஷமும் காசு.

நைட்_ஷிஃப்ட்_அக்கா:
நான் கம்யூனிட்டி காலேஜ்ல படிச்ச ஆர்.என்., வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. வாசு தம்பி, நீங்க சொல்ற 1,37,690 புதுசா பாஸ் பண்ணி வர்ற பிள்ளையோட சம்பளம் இல்ல, இருபது வருஷ சர்வீஸ் உள்ளவங்களையும் சேர்த்த சராசரி. இங்க சம்பளம் இவ்வளவு இருக்கறதுக்கு யூனியன் ஒரு காரணம், 2004லருந்து நடைமுறைல இருக்கற ஒரு நர்ஸுக்கு இத்தனை பேஷண்ட்தான்ங்கற சட்டம் (பொது நோயாளிங்க, ஆபரேஷன் ஆனவங்க இருக்கற மெட்-சர்ஜ் வார்டுன்னா அஞ்சு பேருக்கு மேல தரக்கூடாது) இன்னொரு காரணம், ஆனா அதனாலயே எல்லா ஊர் நர்ஸும் இங்க வர ஆசைப்படறாங்க, நம்ம பே ஏரியால (சான் பிரான்சிஸ்கோ, சான்ஹோசே பக்கம்) அனுபவம் இல்லாத புது ஆளுக்கு பெரிய ஆஸ்பத்திரி கதவு லேசுல திறக்காது. எனக்கு எட்டு மாசம் ஆச்சு, முதல்ல நர்சிங் ஹோம்ல போய் நின்னுதான் வந்தேன். கடன் இல்லாததால அந்த எட்டு மாசம் தாக்குப் பிடிச்சேன். கூட பரீட்சை எழுதின ஒரு பொண்ணு பிரைவேட்ல படிச்சவ, கிரேஸ் பீரியட் முடிஞ்சதும் லோன் கட்ட ஆரம்பிக்கணும்னு சம்பளம் கம்மியா கிடைச்ச முதல் இடத்துலயே உட்கார்ந்துட்டா. லைசென்ஸ் பரீட்சை ரெண்டு பேருக்கும் ஒரே என்கிளெக்ஸ்தான், பேட்ஜ்லயும் ஒரே ஆர்.என்.தான்.

வாசு_ஃப்ரீமான்ட்:
அக்கா, ஒத்துக்கறேன், முதல் வருஷம் சராசரி வராது. 1 லட்சம்னே வைங்க, அப்பவும் ஒரு வருஷ காத்திருப்பு அந்த ஃபீஸை விட அதிகம்தானே? அதுவும் கம்யூனிட்டி காலேஜ்ல வர்றது ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரி, பெரிய ஆஸ்பத்திரிங்க நிறைய பேர் பிஎஸ்என் (நாலு வருஷ நர்சிங் டிகிரி) கேக்கறாங்க, நியூயார்க்ல 2017ல சட்டமே போட்டு லைசென்ஸ் வாங்கி பத்து வருஷத்துக்குள்ள பிஎஸ்என் முடிங்கன்னுட்டாங்க. மறுபடி படிக்கணும்.

நைட்_ஷிஃப்ட்_அக்கா:
மறுபடி படிக்கத்தான் படிச்சேன், வேலைல இருந்துகிட்டே ஆன்லைன்ல, பாதி செலவு ஆஸ்பத்திரி கொடுத்துச்சு. சம்பளம் வாங்கிகிட்டே படிக்கறது வேற, சம்பளமே இல்லாம கடன்ல படிக்கறது வேற. சுதா நேரா நாலு வருஷ டிகிரிக்கா கேக்குது? அந்த 90 ஆயிரமும் அசோசியேட்டா பிஎஸ்என்னான்னு முதல்ல கேளும்மா.

சுதா_சான்ஹோசே:
அசோசியேட்தாங்க அக்கா.

லோன்_ஆபீஸ்_முத்து:
ஒரு காலேஜ் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல வேலை பார்த்திருக்கேன், அதனால கடன் பக்கத்தை சொல்றேன். சுதா மேடம், உங்ககிட்ட ஏற்கெனவே பிஇ இருக்கு, அது இந்திய டிகிரியா இருந்தாலும் பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசாங்க உதவித்தொகை) கிடைக்காது, அது இன்னும் பேச்சலர் டிகிரி வாங்காதவங்களுக்கு மட்டும். கல்யாணம் ஆனதால இண்டிபெண்டன்ட் (பெத்தவங்களை சார்ந்து இல்லாதவங்க) கணக்குல வருவீங்க, அரசாங்க கடன் முதல் வருஷம் 9,500, ரெண்டாவது வருஷம் 10,500, ஆக ரெண்டு வருஷத்துக்கு 20 ஆயிரம்தான் உச்சம். மீதி 70 ஆயிரம் பிரைவேட் லோன்தான் எடுக்கணும். அங்கதான் பிரச்சனையே. நான்-பிராஃபிட் ஆஸ்பத்திரில வேலை பார்த்துட்டே 120 மாசம் கட்டினா மீதி தள்ளுபடின்னு ஒரு திட்டம் இருக்கே, அது அரசாங்க கடனுக்குத்தான், பிரைவேட் கடனுக்கு கிடையாது, வருமானத்துக்கு தகுந்த தவணையும் கிடையாது. 8 சதவீத வட்டி, 10 வருஷம்னா அந்த 70 ஆயிரத்துக்கு மட்டும் மாசம் 850 டாலர் பக்கம் வரும்.

இன்னொன்னு, காலேஜ் ஸ்கோர்கார்டுன்னு அரசாங்க சைட் இருக்கு, ஒவ்வொரு படிப்புக்கும் கடன் எவ்ளோ, முடிச்சப்புறம் சம்பளம் எவ்ளோன்னு காட்டும், ஆனா அந்த சம்பளம் படிப்பை முடிச்சவங்களோடது மட்டும். பாதில நின்னவங்க கடனோட வெளிய போயிருப்பாங்க, அந்த சம்பள நம்பர்ல அவங்க இருக்க மாட்டாங்க. என் டேபிளுக்கு முன்னால வந்து அழுதவங்க பெரும்பாலும் அவங்கதான். குழந்தைக்கு உடம்பு சரியில்லாம கிளினிக்கல் (ஆஸ்பத்திரி பயிற்சி) விட்டவங்க, ஃபார்மகாலஜில ரெண்டு தடவை ஃபெயில் ஆனதால வெளிய அனுப்பப்பட்டவங்க.

வாசு_ஃப்ரீமான்ட்:
முத்து சார், பாதில நிக்கறது எங்க படிச்சாலும் நடக்கும்.

லோன்_ஆபீஸ்_முத்து:
நடக்கும், ஆனா ஒரு இடத்துல 2,000 டாலரோட போகும், இன்னொரு இடத்துல 45 ஆயிரத்தோட போகும். உங்க கணக்கு முடிச்சு, பாஸ் பண்ணி, உடனே வேலை கிடைச்சா மட்டும்தான் சரி வரும் சார். மூணும் நடக்கும்னு வெச்சுத்தான் நீங்க பேசறீங்க.

நைட்_ஷிஃப்ட்_அக்கா:
சுதா, காத்திருக்கற காலம் சும்மா போற காலம் இல்லம்மா. அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி எங்க சேந்தாலும் கேப்பாங்க. அதை இப்பவே 46 டாலர்ல முடி. குலுக்கல் வேணாம்னா மார்க்குக்கும் அனுபவத்துக்கும் பாயிண்ட் போட்டு எடுக்கற காலேஜும் இருக்கு, அங்கெல்லாம் சேர்த்து அப்ளை பண்ணு, ஒரே காலேஜை நம்பி உக்காராத. சிஎன்ஏ (நர்ஸுக்கு உதவியாளர்) கோர்ஸ் முடிச்சு பார்ட் டைம் வேலைக்கு போ, பேஷண்ட்டை திருப்பி போட்டு, மலம் துடைச்சு பார்த்தாதான் இந்த வேலை நமக்கு ஆகுமான்னு தெரியும், அது தெரியாம 90 ஆயிரம் கட்டாத. நர்சிங் போர்டு சைட்ல ஒவ்வொரு காலேஜுக்கும் என்கிளெக்ஸ்ல முதல் தடவையே பாஸ் பண்ணினவங்க பெர்சன்டேஜ் போட்டிருப்பாங்க, 75க்கு கீழ போகக்கூடாதுன்னு ரூல், அந்த பிரைவேட் காலேஜுக்கு அஞ்சு வருஷ நம்பரை எடுத்துப் பாரு.

வாசு_ஃப்ரீமான்ட்:
அது சரி, அந்த நம்பரை பார்க்கணும், எங்க வீட்லயும் பார்த்துட்டுத்தான் சேந்தோம். ஆனா அக்கா, மூணு தடவை அப்ளை பண்ணியும் பேர் வராத ஒருத்தங்களை எனக்கு தெரியும், இப்ப 41 வயசு, இன்னும் காத்துட்டிருக்காங்க. சுதாம்மா, ஒரு கெடு வெச்சுக்கோங்க. ரெண்டு தடவை அப்ளை பண்ணியும் வரலைன்னா பிரைவேட்டை மறுபடி யோசிங்க, அதுக்குள்ள பாடமெல்லாம் முடிஞ்சிருக்கும், கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கும், முழு 90க்கும் கடன் வேணாம்.

நைட்_ஷிஃப்ட்_அக்கா:
கெடு வைக்கறது நல்லதுதான். நான் மூணு தடவைம்பேன், தம்பி ரெண்டும்பாரு.

சுதா_சான்ஹோசே:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். போர்டு சைட்ல இப்பத்தான் பார்த்தேன், அந்த காலேஜுக்கு ரெண்டு வருஷ நம்பர்தான் இருக்கு, புதுசா ஆரம்பிச்சதாட்டம் இருக்குது. வீட்டுக்காரர்கிட்ட காட்டிட்டேன், ஒண்ணும் பேசலை. பையன் ஸ்கூல் விடறதுக்குள்ள முடியற மாதிரி காலைல அனாட்டமி செக்‌ஷன் ஒண்ணு இருக்குதுங்க, லேபோட சேர்த்து, அதுக்கு பேர் கொடுக்கப் போறேன். அக்கா, சிஎன்ஏ கோர்ஸ் நீங்க எத்தனை வாரம் போனீங்க?

நைட்_ஷிஃப்ட்_அக்கா:
நான் சனி ஞாயிறு பேட்ச்ல போனேன்மா, நாலு மாசம் இழுத்துச்சு. தனி மெசேஜ் போடு, என்னென்ன கேட்டாங்கன்னு சொல்றேன்.