‘பட்டறை வீடு’ வாட்ஸ்அப் குழு: குத்துவிளக்குக்கு ஒரு இணையப் பக்கம்

சித்தப்பா, காலை 9:12
எல்லோரும் கவனியுங்கள். நம் நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைக்கு இணையதளம் போட்டதிலிருந்து ஒரு விசாரணைகூட வரவில்லை. இப்போது ஒருவர் அழைத்தார். 25,000 ரூபாய் கொடுத்தால் 7 நாளில் கூகுளில் முதல் இடத்தில் உட்கார வைத்துவிடுவாராம். எழுதியே தருகிறேன் என்கிறார். பாதிப் பணத்தை இன்றே அனுப்பிவிடட்டுமா?

கும்பகோணம் அத்தை, 9:14
அனுப்பிவிடு. இங்கே பாத்திரக் கடைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

பெரியப்பா, 9:15
அந்தப் பணத்துக்குப் பித்தளை வாங்கிப் போட்டால் உலையாவது எரியும்.

நான், 9:21
சித்தப்பா, அனுப்பாதீர்கள். முதல் இடத்துக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. தேடல் முடிவுகளில் சிலவற்றுக்கு மேல் விளம்பரம் என்பதைக் காட்ட ‘ஸ்பான்சர்டு’ என்ற குறிப்பு இருக்கும். காசு கொடுத்து வாங்கக்கூடியது அந்த இடத்தை மட்டும்தான். கொடுப்பதை நிறுத்தினால் அதுவும் போய்விடும். மற்ற வரிசையைக் கூகுள் யாருக்கும் விற்பதில்லை.

சித்தப்பா, 9:22
அப்படியானால் நாம் ஏன் வரவில்லை?

நான், 9:24
முதலில் நம் தளம் இருப்பதாவது கூகுளுக்குத் தெரியுமா என்று பார்ப்போம். தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் நம் தள முகவரியைப் போடுங்கள்.

தம்பி, 9:26
போட்டுவிட்டேன் அக்கா. ஒரு முடிவும் இல்லை என்கிறது.

சித்தி, 9:27
நூறாவது இடத்தில்கூட இல்லையா?

நான், 9:31
வரிசையிலேயே இல்லை சித்தி. கூகுளின் நிரல் ஒரு சுட்டியிலிருந்து இன்னொரு சுட்டிக்குத் தாவிப் பக்கங்களைப் படிக்கிறது. படித்ததை ஓர் அட்டவணையில் சேர்க்கிறது. யாராவது தேடினால் அந்த அட்டவணையிலிருந்துதான் எடுத்து வரிசைப்படுத்துகிறது. நாம் இன்னும் அட்டவணைக்கே போகவில்லை. தம்பி, தளத்தின் கடவுச்சொல் உன்னிடம்தானே இருக்கிறது? தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் ‘வாசிப்பு’ என்ற பகுதியைத் திற. தேடுபொறிகளைப் பற்றி ஒரு சின்னக் கட்டம் இருக்கும்.

தம்பி, 9:35
(ஸ்கிரீன்ஷாட்)
இருக்கிறது. இந்தத் தளத்தை அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்று தேடுபொறிகளிடம் சொல்லும் கட்டம். அதில் டிக் போட்டிருக்கிறது!

நான், 9:36
அதேதான். தளம் அரைகுறையாக இருக்கும்போது வெளியே தெரியக் கூடாது என்று போடுவார்கள். வேலை முடிந்ததும் எடுத்திருக்க வேண்டும். எடுத்துவிட்டுச் சேமி.

பெரியப்பா, 9:37
இந்த ஒரு டிக்கை எடுக்கவா 25,000?

சித்தப்பா, 9:38
மாலைக்குள் வந்துவிடுமா?

நான், 9:43
சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். சேர்ச் கன்சோல் என்று கூகுளின் இலவச வசதி ஒன்று உண்டு. அதில் தளத்தைப் பதிந்து, இந்த முகவரியை வந்து பார் என்று கேட்டுக்கொள்ளலாம். கேட்டால் பெரும்பாலும் வரும். வந்து எதைப் படிக்கும் என்பதுதான் என் கவலை.

அத்தை, 9:44
ஏன், அழகாகத்தானே இருக்கிறது? திறந்தவுடன் நாதஸ்வரமெல்லாம் வருகிறதே!

நான், 9:55
அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும் அத்தை. பஸ்ஸில் உட்கார்ந்து திறப்பவர் பதறிப்போய் மூடிவிடுவார். என் போனில் திறந்ததும் வெள்ளைத் திரைதான் வந்தது. பிறகு நாதஸ்வரம். பிறகு மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக ஒரு படம் இறங்குகிறது. கண்காட்சிக்கு அடித்த அதே ஃபிளெக்ஸ் பேனர்! பட்டறைப் பெயர், விளக்கு வகை, முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அந்தப் படத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன. எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. எழுத்தாக இருப்பது ‘எங்கள் இணையதளத்திற்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ என்ற ஒரே வரி. பக்கத்தின் தலைப்பு ‘முகப்பு’. கூகுள் இதைப் படித்துத் தெரிந்துகொள்வது, யாரோ யாரையோ வரவேற்கிறார்கள் என்பது மட்டும்தான்.

சித்தி, 9:56
😄

தம்பி, 9:58
படத்தில் இருக்கும் எழுத்தையும் இப்போது படித்துவிடுகிறதே அக்கா. கூகுள் லென்ஸ் படிக்கிறது.

நான், 10:03
படிக்கும். அதை நம்பிப் பிழைப்பு நடத்த முடியாது. முக்கியமான சொற்களைப் படத்துக்குள் புதைக்காமல் எழுத்தாகவே வையுங்கள் என்பதுதான் கூகுளின் அறிவுரை. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ‘மாற்று உரை’ என்று ஒரு வரி எழுதலாம். பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டும், கூகுளும் படிக்கும். ‘படம் 3’ என்று எழுதாதே. ‘அன்னம் வைத்த ஐந்து முகப் பித்தளைக் குத்துவிளக்கு’ என்று எழுது. பேனர் படத்தின் அளவு என்ன?

தம்பி, 10:04
8 எம்பி.

பெரியப்பா, 10:05
அது அதிகமா?

நான், 10:09
நம்மூர்ப் பெருமாள் கோயில் கல் கருடன் சிலை மாதிரிதான் பெரியப்பா. சன்னதியை விட்டு நகர நகர எடை கூடி, 4 பேர் தூக்கியவரை 8, 16, 32, 64 பேர் தூக்க வேண்டும் என்பார்களே, சிக்னல் குறையக் குறைய இந்தப் படமும் அப்படிக் கனக்கும். அகலத்தைக் குறைத்து, படத்தைச் சுருக்கும் ‘வெப்பி’ வடிவத்தில் சேமித்தால் 200 கேபிக்குள் அடக்கிவிடலாம். பக்கத்தில் மிகப் பெரிதாக இருக்கும் படமோ எழுத்தோ இரண்டரை விநாடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். கடைக் கணினியில் பார்த்து நன்றாக இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள். தளங்களின் போன் வடிவத்தைத்தான் கூகுள் இப்போது படித்து அட்டவணையில் சேர்க்கிறது. அந்த மாற்றம் முடிந்தது என்று 2023-ல் அறிவித்துவிட்டார்கள்.

தம்பி, 10:12
விடுதி நண்பன் ஒரு வழி சொல்கிறான். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகக் ‘குத்துவிளக்கு குத்துவிளக்கு’ என்று 200 தடவை போட்டுவிட வேண்டுமாம். ஆள் கண்ணுக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும்.

நான், 10:15
உன் நண்பன் சொல்வது கூகுள் பிறந்த காலத்து வித்தை. இன்று அதற்குப் பெயர் ஸ்பேம். பிடிபட்டால் தளத்தையே பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். திறவுச்சொற்களைக் கொட்டி வைக்க ஒரு மறைவு வரி இருக்கும், அதையும் வரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்னமும் அதை நிரப்பித் தரக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மன்னார்குடி மாமா, 10:20
நான் நெல் மண்டிக்கு எப்போதோ தளம் போட்டுவிட்டேன். முழுக்கத் தமிழ். பேனர் எல்லாம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். அதுவும் எங்கும் வருவதில்லையே, அதற்கு என்ன சொல்கிறாய்?

நான், 10:22
அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து இங்கே ஒட்டுங்கள் மாமா.

மன்னார்குடி மாமா, 10:25
(ஒட்டிய வரி: ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து ஒரு முழம்)

சித்தி, 10:26
அண்ணா, யாரைத் திட்டுகிறீர்கள்?

மன்னார்குடி மாமா, 10:26
என் திரையில் ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்றுதானே இருக்கிறது!

நான், 10:31
உங்கள் கணினியில் பழைய பாமினி எழுத்துரு இருக்கிறது மாமா. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, அந்த எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. கூகுளுக்கு உருவம் தெரியாது, உள்ளே இருப்பதுதான் தெரியும். ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்று தேடுகிறவருக்கு உங்கள் பக்கத்தை அது எப்படிக் காட்டும்? எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினியும் தமிழ் என்றே அறியும் எழுத்து முறைக்கு, மாற்ற வேண்டும். மாற்றிக் கொடுக்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒற்றெழுத்து சில இடங்களில் சிதறும், ஒருமுறை உட்கார்ந்து படித்துத் திருத்திவிடுங்கள்.

மன்னார்குடி மாமா, 10:33
இத்தனை வருடம் ஒருவன்கூடச் சொல்லவில்லை.

சித்தப்பா, 10:40
அந்த ஆள் மறுபடியும் அழைத்தார். 500 தளங்களில் நம் முகவரிக்குச் சுட்டி போட்டுத் தருவாராம். அதனால் மதிப்பு ஏறுமாம்.

நான், 10:47
பாதி உண்மை. லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-ல் கூகுளைத் தொடங்கியதே அந்த எண்ணத்தில்தான்: ஒரு பக்கத்துக்கு நல்ல பக்கங்கள் சுட்டி கொடுத்தால் அதற்கு மதிப்பு அதிகம். அதனால்தான் சுட்டி விற்கும் வியாபாரமும் வந்தது, கூகுளும் அதை விதிமீறல் ஆக்கியது. சூதாட்டத் தளத்துக்கும் மாத்திரைத் தளத்துக்கும் நடுவில் குத்துவிளக்குக்கு ஒரு சுட்டி வந்தால் யாருக்கு என்ன பயன்? கோயிலுக்கு வந்து பட்டறையைப் பார்த்துவிட்டுப் போகிறவர் தன் பயணக் குறிப்பில் நம்மைச் சுட்டினால் அந்த ஒன்று போதும்.

சித்தப்பா, 10:49
சரி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார்.

நான், 10:52
பெரியப்பா, இனி வேலை உங்களுடையது. பட்டறைக்குப் போன் செய்கிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள்? அவர்கள் வாயில் வரும் சொற்களிலேயே சொல்லுங்கள்.

பெரியப்பா, 11:10
(குரல் செய்தி. தம்பி எழுத்தாக்கியது)
முதல் கேள்வி எடை. மூன்று அடி விளக்கு எத்தனை கிலோ வரும் என்பார்கள். அடுத்தது, கழற்றித் துலக்க முடியுமா. முடியும். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் பிரபை, எல்லாம் மரையில் கழலும். சென்னைக்காரர்கள் கேட்பது, பார்சலில் தண்டு வளையாமல் வருமா. கல்யாணச் சீருக்கு வாங்குகிறவர்கள் பெயர் பொறித்துத் தருவீர்களா என்பார்கள். உள்ளே வெறுங்கூடா, கெட்டியா என்று கேட்கிறவர் விவரமானவர், அவரிடம் பேச எனக்குப் பிடிக்கும். மண் அச்சா என்று சிலர் கேட்பார்கள். காவிரி வண்டலில் அச்சு எடுத்து வார்த்து, கடைசலில் பிடிக்கிறோம் என்பேன். அந்த மண்ணில் வார்த்தால்தான் மேல் இவ்வளவு வழவழப்பாக வரும்.

நான், 11:16
இதுதான் பக்கம். வேறு எதையும் தேடிப் போக வேண்டாம். போனில் கேட்பதைத்தான் மக்கள் கூகுளிலும் கேட்கிறார்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு துணைத்தலைப்பு, அதன் கீழே பெரியப்பாவின் பதில். மெருகேற்றுகிறேன் என்று ‘பாரம்பரியமும் தரமும் இணைந்த’ என்றெல்லாம் யாரும் நுழைக்க வேண்டாம். ஊர்ப் பெயரை நாச்சியார்கோயில் என்றும் நாச்சியார்கோவில் என்றும் அடிப்பார்கள், குத்துவிளக்கைப் பிரித்தும் அடிப்பார்கள், பாதிப் பேர் ஆங்கில எழுத்திலேயே அடிப்பார்கள். பெரும்பாலும் கூகுள் புரிந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் தனியாக ஒரு பக்கம் வைத்தால் வெளிநாட்டில் இருக்கிறவருக்கும் வசதி.

தம்பி, 11:18
தலைப்பு?

நான், 11:22
‘முகப்பு’ போய், ‘நாச்சியார்கோயில் பித்தளைக் குத்துவிளக்கு | பட்டறையில் நேரடி விற்பனை’ என்று வரட்டும். அதன் கீழே தேடலில் தெரிவதற்கு இரண்டு வரி விளக்கம் எழுதலாம்: எந்த உயரங்களில் கிடைக்கும், கழற்றித் துலக்கலாம், ஊருக்கு ஊர் அனுப்புகிறோம். அந்த விளக்கம் வரிசையை உயர்த்தாது, சில சமயம் கூகுள் அதை மாற்றியும் காட்டும். ஆனால் படிக்கிறவர் சொடுக்குவாரா மாட்டாரா என்பது அதில்தான் இருக்கிறது.

அத்தை, 11:30
வரைபடத்தில் கடையைக் குறித்து வைக்கலாமே? கல் கருடனைச் சேவித்துவிட்டு வருகிறவர்கள் வழி கேட்டு அலைகிறார்கள்.

நான், 11:34
அருமை அத்தை. கூகுள் வணிகச் சுயவிவரம் இலவசம். அருகில் இருக்கும் எதைத் தேடினாலும் பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை என்ற மூன்றையும் பார்த்துத்தான் வரைபடத்தில் காட்டுகிறது. நம்மைப் போன்ற பட்டறைக்குத் தளத்தைவிட அதுவே முதலில் ஆள் கொண்டுவரும். திறக்கும் நேரம், விடுமுறை நாள், எண், பட்டறைப் படங்கள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

அத்தை, 11:35
நம் வீட்டில் 20 பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவோம்.

நான், 11:36
வேண்டவே வேண்டாம். சொந்தக் கடைக்குச் சொந்தக்காரர்கள் மதிப்புரை எழுதுவது விதிக்குப் புறம்பு. வாங்கிப் போகிறவரிடம் கேளுங்கள், மனமிருந்தால் எழுதட்டும்.

அத்தை, 11:37
நான் ஏற்கெனவே எதிர்வீட்டுப் பாத்திரக்கடைக்குப் போட்டிருக்கிறேனே.

சித்தி, 11:37
அவர்கள் போட்டிக் கடை அண்ணி!

பெரியப்பா, 11:45
எல்லாம் எழுதுங்கள். விலை மட்டும் போட வேண்டாம்.

நான், 11:46
விலை இல்லையென்றால் மூடிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் பெரியப்பா.

பெரியப்பா, 11:49
பித்தளை விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இன்று போட்ட விலையை மார்கழியில் போனில் காட்டிக்கொண்டு ஒருவர் வாசலில் நின்றால் நீயா வந்து பதில் சொல்வாய்?

சித்தி, 11:52
விளக்குக்கு விளக்கு எடையை மட்டும் போடுங்கள். கிலோ விலையை ஒரே இடத்தில் தேதியோடு போட்டுவிட்டால் அதை மட்டும் வாரா வாரம் மாற்றினால் போதும்.

நான், 11:53
சித்தி சொல்வது சரி. ஒரே ஓர் எண்ணை மாற்றுவது ஒரு நிமிட வேலை.

பெரியப்பா, 11:55
அப்படியானால் தேதி கண்ணில் அறைகிற மாதிரி பெரிதாக இருக்க வேண்டும்.

தம்பி, 11:56
வாரா வாரம் யார் மாற்றுவது?

சித்தப்பா, 11:56
நீதான்.

பெரியப்பா, 11:58
ஞாயிற்றுக்கிழமை வா. ஒவ்வொரு விளக்காகத் தராசில் வைக்கிறேன், எழுதிக்கொள். போட்டோ எடுக்கிறவர்கள் விளக்கைத் துடைத்துவிட்டு எடுங்கள், விரல்ரேகை தெரியும்.