ஆர்.டி. 350 ஸ்விங் ஆர்ம் புஷ்: நைலானா, வெண்கலமா, நீடில் பேரிங்கா?

இரட்டைப்புகை:
வண்டி 1986 ராஜ்தூத் 350 (ஆர்.டி. 350), எல்.டி. (லோ டார்க்) மாடல். வளைவுல 70-ஐத் தாண்டினா பின்பக்கம் நெளியுது. த்ராட்டிலை விட்டுப் பிடிக்கும்போதும் அப்படித்தான். வீல் பேரிங், டயர், ஷாக் எல்லாம் புதுசு. சக்கரத்தையும் ஷாக்கையும் கழற்றிட்டு பின்சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்மோட நுனியைப் பக்கவாட்டுல ஆட்டிப் பார்த்தேன், 4 மி.மீ. வரைக்கும் போகுது. ஆர்ம் ஃப்ரேம்ல சுத்துற இடத்துல இருக்கிற புஷ் (உருளை வளையம்) தேஞ்சிருக்கும் போல. ஒரு கடையில நைலான் புஷ் ரெடியா இருக்கு. லேத்துல வெண்கலம் கடைஞ்சு தர்றேங்கறாங்க. இன்னொருத்தர் நீடில் பேரிங் போட்டா ஆயுசுக்கும் தொடவே வேண்டாம்ங்கறார். எதைப் போடலாம்?

கடைசல்காரன்:
புஷ் எதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அதுக்கு உள்ளே இருக்கிற ஸ்டீல் ஸ்லீவை (குழாயை) அளங்க. புஷ் உட்கார்ந்திருந்த ரெண்டு முனையிலயும், தேயாத நடுப்பகுதியிலயும் மைக்ரோமீட்டர் வச்சுப் பாருங்க. வெர்னியர் இதுக்குப் பத்தாது. முனைக்கும் நடுவுக்கும் 0.05 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா ஸ்லீவும் மாத்தியே ஆகணும். தேஞ்ச ஸ்லீவுல புது புஷ் போட்டா ஆட்டம் பாதிதான் குறையும், மீதி அப்படியே நிக்கும்.

அடுத்து நீளம். ஆர்ம் குழாயோட அகலம், ரெண்டு பக்கத் த்ரஸ்ட் கவர் (முனை மூடி), ஷிம் (மெல்லிய தகடு வளையம்) இருந்தா அதுவும் சேர்த்துக் கூட்டுங்க. ஸ்லீவ் அந்தக் கூட்டுத்தொகையை விட 0.1 முதல் 0.2 மி.மீ. நீளமா இருக்கணும். பிவட் நட்டை (ஸ்லீவுக்குள்ள போற ஷாஃப்ட்டோட நட்டை) முறுக்கும்போது ஃப்ரேம் இறுக்கிப் பிடிக்க வேண்டியது ஸ்லீவை. ஆர்ம் அதுமேல தனியா சுத்தணும். ஸ்லீவ் குட்டையா போச்சுன்னா நட்டை இறுக்கினதும் ஆர்மே சிக்கிக்கும். அது சிக்குதேன்னு நட்டைக் கொஞ்சம் லூசா விடுற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய. அப்புறம் ஸ்லீவோட சேர்ந்து ஷாஃப்ட்டும் சுத்தி, ஃப்ரேம் ஓட்டை முட்டை வடிவமாயிடும். புஷ் சில நூறு ரூபா வேலை. ஃப்ரேம் ஓட்டையைச் சரிபண்றது அப்படி இல்ல.

ஊசி_உருளை:
நீடில் பத்தி. பேரிங் நல்லதுதான், ஆனா இந்த வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். ஆர்ம் முழுச் சுத்து சுத்துறதில்ல, சில டிகிரிதான் மேலயும் கீழயும் போகுது. பேரிங்குக்குள்ள இருக்கிற ஊசி மாதிரி உருளை எல்லாம் ஒரே இடத்துலயே உரசிட்டு இருக்கும். கிரீஸ் விலகி, ஸ்லீவுல வரிவரியா பள்ளம் விழும். அதைத் தாங்க ஸ்லீவ் 58 எச்.ஆர்.சி.க்குக் (ராக்வெல் கடின அளவு) குறையாத கடினத்துல இருக்கணும், பழைய ஸ்லீவ் அந்த ரகம் இல்ல. இஎன்-31 ஸ்டீல்ல செஞ்சு, ஹார்டன் பண்ணி, கிரைண்ட் பண்ணணும்.

இன்னொண்ணு, எச்.கே. வகை நீடில் பேரிங்கோட வெளிக்கூடு மெல்லிய தகடு. எச்.கே. 2220-ன்னா உள்ளே 22, வெளியே 28, அகலம் 20. ஆர்ம் ஓட்டை எந்த வடிவமோ அதே வடிவத்துக்குக் கூடும் வளையும். நாற்பது வருஷ ஆர்ம்ல ஓட்டை வட்டமா இருக்கான்னு முதல்ல பாருங்க. பக்கவாட்டு விசையையும் அது தாங்காது, த்ரஸ்ட் வாஷர் தனியா வேணும். தண்ணி போகாம இருக்க சீலும் வேணும். அதுக்கு இடமே இருக்காது.

இரட்டைப்புகை:
அளந்தாச்சு. ஸ்லீவ் இடது முனை 0.14, வலது முனை 0.11 தேஞ்சிருக்கு. நீளத்துல பார்த்தா கூட்டுத்தொகையை விட 0.05 குறைச்சல். அப்போ ஸ்லீவ் கட்டாயம்னு புரியுது. நைலான் புஷ் போட்டா லேத் செலவு மிச்சமாகுமே?

கடைசல்காரன்:
செயின் இழுக்கிற பக்கம்தானே அதிகம் தேயும், அதான் ரெண்டு முனையும் ஒரே அளவா இல்ல. நீளமும் குறைஞ்சிருக்கிறதால ஸ்லீவ் புதுசா கடைஞ்சே ஆகணும். லேத்துக்குப் போறது போறீங்க, புஷ்ஷையும் அங்கேயே முடிச்சுடுங்க.

கம்பெனி கொடுத்ததும் பிளாஸ்டிக் வகைதான், சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். ஆனா கடையில கிடைக்கிற வெள்ளை நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும். சித்திரையில சரியா இருக்கிற புஷ் ஐப்பசி மழையில ஸ்லீவைப் பிடிச்சுக்கும். பிளாஸ்டிக்தான் வேணும்னா டெல்ரின் கேளுங்க, அது அந்தளவு உப்பாது.

வெண்கலம்னா எஸ்.ஏ.இ. 660 தண்டு வாங்கிக் கொடுங்க. அதுல ஈயம் கலந்திருக்கும், கிரீஸ் கொஞ்சம் குறைஞ்சாலும் ஸ்லீவைக் கீறாது. பாஸ்பர் பிரான்ஸ் அதை விடக் கடினம், ஹார்டன் பண்ணாத ஸ்லீவை அதுதான் தின்னும். மஞ்சளா பளபளன்னு இருந்தா பித்தளை, வாங்காதீங்க. வெண்கலம் செம்மண் நிறம் கலந்து இருக்கும். எண்ணெய் ஊறின ஆயிலைட் புஷ்ஷும் போடலாம். ஆனா மழுங்கின டூலால உள்ளே கடைஞ்சா அதோட நுண்துளை அடைபட்டு எண்ணெய் கசியாது.

ஸ்லீவுக்கு இஎன்-8 ஸ்டீல், ஹார்ட் குரோம், கிரைண்டிங். புஷ் வெளி அளவு ஆர்ம் ஓட்டையை விட 0.04 முதல் 0.06 மி.மீ. கூட. அழுத்தி ஏத்தினதும் உள் விட்டம் கிட்டத்தட்ட அதே அளவு சுருங்கும். முன்னாடியே முடிச்ச அளவுல கடைஞ்சா ஸ்லீவ் நுழையாது, அப்புறம் எமரி தாள் போட்டுத் தேய்ச்சுக் கெடுப்பாங்க. அதனால உள்ளே 0.3 மி.மீ. குறைச்சு வச்சு, ரெண்டு புஷ்ஷையும் ஏத்தினப்புறம் ஒரே நேர்கோட்டுல ரீமர் (ஓட்டையைத் துல்லியமா விரிக்கிற கருவி) விடச் சொல்லுங்க. ஸ்லீவுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி 0.03 முதல் 0.05 மி.மீ.

ஏத்துறதுக்குச் சுத்தியல் வேண்டாம். 12 மி.மீ. திரெட் ராடு, தடிமனான வாஷர், நட்டு போட்டு இழுங்க. ராத்திரி ஃப்ரீசர்ல வச்சா 28 மி.மீ. புஷ் 0.02 வரைக்கும் சுருங்கும், சுலபமா இறங்கும். பழசு வரலைன்னா ஹாக்சா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்குல ஒரு வெட்டு. ஆர்ம் குழாயில பிளேடு படாம பார்த்துக்கோங்க.

புல்லட்_பாதி:
நடுவுல ஒரு சந்தேகம். ரப்பர் சைலன்ட் பிளாக் போட்ட வண்டிக்கும் இதேதானா?

ஊசி_உருளை:
இல்ல. அதுல எதுவும் சுத்தாது, ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். கிரீஸ் போட்டா ரப்பர் ஊறிப் போகும். சென்டர் ஸ்டாண்டுல ஆர்ம் தொங்குறப்ப நட்டை முறுக்கினா, வண்டியை இறக்கினதுமே ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில ஊன்றி, ஆள் உட்கார்ந்த நிலையில கடைசி இறுக்கு.

இரட்டைப்புகை:
எஸ்.ஏ.இ. 660 தண்டு கோவையில கிடைச்சிடுச்சு. புஷ்ஷுல கிரீஸ் பள்ளம் எப்படி வெட்டச் சொல்லணும்?

கடைசல்காரன்:
உள்பக்கம் ஒரே ஒரு நீளப் பள்ளம் போதும். ஆர்ம் குழாயோட நடுவைப் பார்த்த முனையில திறந்திருக்கணும், வெளி முனைக்கு 3 மி.மீ. முன்னாடியே நிக்கணும். முழுசா வெட்டினா கிரீஸ் வெளியே போற வழியே தண்ணி உள்ளே வரும்.

கிரீஸ் நிப்பிள்ல அடிக்கிற கிரீஸ் முதல்ல குழாய்க்கும் ஸ்லீவுக்கும் நடுவுல இருக்கிற காலி இடத்தைத்தான் நிரப்பும், அது நிரம்புற வரைக்கும் புஷ்ஷுக்குப் போகாது. அதனால பூட்டும்போதே உள்ளே லித்தியம் கிரீஸ் அடைச்சிடுங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் பிதுங்கி வர்ற வரைக்கும் கன் அடிங்க. ஒரு பக்கம் மட்டும் வந்தா மறுபக்கப் பள்ளம் அடைஞ்சிருக்குன்னு அர்த்தம், கழற்றிப் பாருங்க.

ஷாக் போடாம பிவட் நட்டை முழுசா இறுக்கிட்டு ஆர்மைத் தூக்கி விடுங்க. தன் எடையில மெதுவா இறங்கணும், பக்கவாட்டுல ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. தொப்புன்னு விழுந்தா இடைவெளி அதிகம். நடுவுல நின்னுட்டா த்ரஸ்ட் கவர் பக்கம் ஷிம்மைக் குறைங்க, நட்டை லூசாக்காதீங்க.