வீட்டில் சேர்ந்த பொருள்களைக் கொண்டு கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்வது எப்படி?

காகிதக்கப்பல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு நெகிழி அலங்காரங்கள் எதையும் புதிதாக வாங்காமல், வீட்டில் சேர்ந்திருக்கும் அட்டைப்பெட்டிகள், கிழிந்த துணிகள், கண்ணாடிக் குப்பிகள், பால் வந்த அட்டைப் பொதிகள் ஆகியவற்றைக் கொண்டே மரத்தையும் வாசலையும் அலங்கரிக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் ஆர்வமாக இருக்கிறார்கள். என் தயக்கம் எல்லாம், இவற்றைத் தொங்கவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்குக் குப்பையைக் கோத்துக் கட்டியதுபோல் தெரிந்துவிடுமோ என்பதுதான். மேலும், வாசலில் தொங்கவிடும் விளக்கு நட்சத்திரத்தை அட்டையிலேயே செய்ய விரும்புகிறேன். அது தொய்ந்து போகாமல் விறைப்பாக நிற்க என்ன வழி என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கத்தரியும் பசையும்

வணக்கம் சகோதரி. பழைய பொருள் குப்பையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் அதன்மேல் இருக்கும் அச்சுதான் காரணம். ஓர் எழுத்தோ, நிறுவனச் சின்னத்தின் ஒரு மூலையோ கண்ணில் பட்டுவிட்டால் போதும், அது எந்தப் பொட்டலம் என்று மனம் உடனே கண்டுபிடித்துவிடும். ஆகவே அட்டையின் அச்சில்லாத பழுப்புப் பக்கத்தையே வெளியே வைத்து, அதோடு வெள்ளை, சிவப்பு என்று இரண்டு நிறங்களுக்கு மேல் சேர்க்காமல் மரம் முழுவதையும் முடித்துப் பாருங்கள். ஒரே வடிவம் பல அளவுகளில் திரும்பத் திரும்ப வரும்போது, அது திட்டமிட்டுச் செய்த வேலை என்பது பார்த்தவுடன் விளங்கிவிடும்.

நீங்கள் குறிப்பிட்ட பால் பொதிகளை எறிந்துவிடாதீர்கள். நெடுநாள் கெடாமல் இருக்கும் பால், பழச்சாறு ஆகியவை வரும் பொதிகளில் அட்டை, நெகிழி, அலுமினியம் ஆகிய மூன்றும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருக்கும். வெட்டி விரித்தால் உட்புறம் முழுவதும் வெள்ளியாக மின்னும். சோப்பு நீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்து, மடித்த செய்தித்தாளின்மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோலமோ இலை நரம்போ வரைந்தால் மறுபுறம் புடைத்துக்கொண்டு வரும். வண்ணமே தேவைப்படாது. கழுவுவதில் மட்டும் சோம்பல் கூடாது. மடிப்புக்குள் பால் தங்கியிருந்தால் சில நாள்களில் நாற்றம் பிடித்துவிடும்.

இனி நட்சத்திரத்துக்கு வருகிறேன். விறைப்பு அட்டையின் தடிப்பால் வருவதில்லை, மடிப்பால் வருகிறது. தடித்த நெளி அட்டையை விட்டுவிட்டு, மாவு, பற்பசை போன்றவை வரும் மெல்லிய அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய பெட்டியாக இருந்தால் அதற்கேற்ப அளவைக் குறைத்துக்கொள்ளலாம். மையத்திலிருந்து 20 செ.மீ. தொலைவில் 72 பாகை இடைவெளியில் ஐந்து நுனிகளைக் குறியுங்கள். இரண்டிரண்டு நுனிகளுக்கு நடுவே, மையத்திலிருந்து ஏறத்தாழ 7.6 செ.மீ. தொலைவில் ஐந்து உட்புள்ளிகளைக் குறித்துப் பத்தையும் இணைத்து வெட்டினால் நட்சத்திரம் கிடைக்கும். வேறு அளவில் செய்வதானால் நுனியின் தொலைவை 0.38 ஆல் பெருக்கினால் போதும். பிறகு மையத்திலிருந்து நுனிகளுக்குச் செல்லும் கோடுகளை முன்பக்கத்திலும், உட்புள்ளிகளுக்குச் செல்லும் கோடுகளைப் பின்பக்கத்திலும் அளவுகோல் வைத்து அதே மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறுங்கள். முன்னவை மேடாகவும் பின்னவை பள்ளமாகவும் மடியும்போது தட்டையான அட்டை தானாகவே எழும்பி நிற்கும். இதுபோல் இரண்டு செய்து, ஒன்றின் ஓரங்களில் மட்டும் ஒரு செ.மீ. அகலத்துக்கு ஒட்டுமடிப்பு விட்டு, இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டிவிட்டால் நடுவில் விளக்குக்கு இடம் கிடைத்துவிடும். ஒட்டுவதற்கு முன்பே தடித்த ஊசியால் துளைகள் இட்டுக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு குத்தினால் அட்டை உள்ளே அமுங்கிவிடும். உள்ளே வைப்பது எல்இடி விளக்காகவே இருக்கட்டும், ஏனெனில் பழைய இழை பல்புகளின் சூடு மூடிய அட்டைக் கூட்டுக்கு ஆகாது.

இதில் கை பழகிவிட்டால் மொராவிய நட்சத்திரத்தை முயன்று பாருங்கள். 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊரில், மொராவியத் திருச்சபை என்னும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவின் பள்ளியில் வடிவியல் பாடத்துக்காகச் செய்யப்பட்டதே பின்னர் கிறிஸ்துமஸ் விளக்காயிற்று. 17 நாற்பக்கக் கூம்புகளும் 8 முப்பக்கக் கூம்புகளும் சேர்ந்தது அது. பொறுமை நிறைய வேண்டும்.

எளிமையே போதும்

மேலே சொன்னவற்றில் மாற்றுக்கருத்து இல்லை என்றாலும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒரு பழைய குப்பியை அலங்கரிப்பதற்காகத் தெளிப்பு வண்ணம், சூட்டுப் பசை, பட்டு நாடா, ஜிகினா என்று புதிதாக வாங்கிக் குவித்துவிட்டு அதற்கு மறுபயன்பாடு என்று பெயர் சூட்டுவதை இப்போது நிறையக் காண்கிறேன். வெறும் குப்பியாக இருந்தவரை அது மறுசுழற்சிக்குப் போயிருக்கும். இவ்வளவையும் ஒட்டிய பிறகு எதற்கும் ஆகாது. ஜிகினாத் தூளின் பெரும்பகுதி நெகிழிப் படலத்தைப் பொடித்ததுதான் என்பதால், 2023 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உதிரியான நெகிழி ஜிகினாவை விற்கத் தடை இருக்கிறது. சற்று மினுக்கம் வேண்டுமென்றால், கழுவிக் காயவைத்த முட்டை ஓடுகளை நொறுக்கிப் பசைமேல் தூவிப் பாருங்கள். உறைபனி படிந்ததுபோல் மங்கலான வெண்மை வரும், எனக்கு ஜிகினாவை விட அதுவே அழகாகப் படுகிறது.

திருவருகைக் காலம் எனப்படும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலத்தில் வைக்கும் மெழுகுவர்த்தி மலர்வளையத்தின் தொடக்கமும் இத்தகைய எளிமைதான். ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிஹ் விஹர்ன் என்பவர், 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் அதில் நட்டார். கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று சிறுவர்கள் ஓயாமல் கேட்டதற்கு அவர் கண்ட வழி அது.

காகிதக்கப்பல்

இருவருக்கும் மிக்க நன்றி. ஜிகினா வாங்கும் எண்ணம் இருந்தது, விட்டுவிட்டேன். இன்னும் ஓர் ஐயம்: சிறியவன் உப்பு மாவில் பொம்மைகள் செய்து மரத்தில் தொங்கவிட வேண்டும் என்கிறான். அது வெடித்துப் போகும் என்று சிலர் சொல்கிறார்களே, உண்மையா? எங்கள் வீட்டில் நாய் ஒன்றும் இருக்கிறது.

மாவுக்கை

அம்மா, நாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உப்பு மாவில் இருக்கும் உப்பின் அளவு நாய்க்கு நஞ்சாகவே அமையும். பச்சையாக இருந்தாலும் காய்ந்திருந்தாலும் கடித்து விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து உண்டு. செய்யும்போது நாயை வேறு அறையில் விடுங்கள், செய்து முடித்தவற்றை மரத்தின் மேல்கிளைகளில் மட்டும் கட்டுங்கள். மரத்தை முட்டித் தள்ளும் பழக்கமுள்ள நாய் என்றால் உப்பு மாவே வேண்டாம், பொம்மை வெட்டும் அச்சுகளை வைத்து அட்டையில் வரைந்து வெட்டச் சொல்லுங்கள்.

வெடிப்பது உண்மைதான், ஆனால் தவிர்க்கக்கூடியது. இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு பொடியுப்பு, ஒரு பங்கு தண்ணீர் என்பது அளவு. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கையில் ஒட்டாத பதம் வரும்வரை சிறிது சிறிதாகச் சேர்த்து, பத்து நிமிடமாவது நன்றாகப் பிசைய வேண்டும். அரை செ.மீ. தடிப்பில் தேய்த்து வெட்டி, நூல் கோக்கும் துளையை ஈரமாக இருக்கும்போதே உறிஞ்சுகுழலால் குத்திவிடுங்கள். சூட்டை அதிகமாக வைத்து அவசரப்படுத்துவதால்தான் மேற்புறம் உப்பி வெடிக்கிறது. ஓவன் அடுப்பை 100 முதல் 120 பாகை செல்சியசுக்குள் வைத்து, இரண்டு மூன்று மணி நேரம், இடையில் ஒருமுறை திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள்.

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால், வண்ணம் தீட்டியபின் முன்புறம், பின்புறம், துளையின் உள்விளிம்பு என எல்லா இடத்திலும் வார்னிஷ் பூசிவிடுங்கள். பண்டிகை முடிந்ததும் காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி இறுக மூடும் தகர டப்பாவில் வைத்து, செருப்புப் பெட்டியோடு வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போட்டுவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். அட்டைப்பெட்டியில் வைக்காதீர்கள், மாவு வாசனைக்கு எலி வந்துவிடும்.