மார்ச்சா, ஜூனா? கல்லூரிக் கூடைப்பந்தும் என்பிஏவும்

டர்ஹம்வாசி

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2025 இறுதிப் போட்டி இழையில் ஒருவர், "கல்லூரி ஆட்டமெல்லாம் என்பிஏவுக்கு ஆள் பிடிக்கும் இடம், அதை உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். அங்கே பதில் சொன்னால் ஓக்லஹோமா–இண்டியானா பேச்சு கெட்டுவிடும், அதனால் தனி இழை.

ரசிகனுக்குக் கல்லூரி ஆட்டம்தான் மேல் என்பது என் கட்சி. யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று கேட்டால் என்பிஏதான், அதில் சண்டையே இல்லை. பார்க்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி. மார்ச் மாதத்தில் கல்லூரிகளின் தேசியப் போட்டியில் 68 அணிகள் இறங்குகின்றன. ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பலத்தின்படி 1 முதல் 16 வரை வரிசைப்படுத்துவார்கள். ஆண்கள் போட்டியில் 16ஆம் இடத்து அணி 1ஆம் இடத்து அணியோடு மோதிய 135 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. 136ஆவது ஆட்டம் 2018 மார்ச் 16 அன்று. பால்டிமோர் பக்கத்து யூஎம்பிசி பல்கலைக்கழகம், 16ஆம் இடத்து அணி, போட்டியிலேயே முதல் அணியாக வைக்கப்பட்டிருந்த விர்ஜினியாவோடு இடைவேளை வரை 21–21. அப்புறம் இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளிகள் எடுத்து 74–54 என்று முடித்தது. அவமானப்பட்ட அதே விர்ஜினியா அடுத்த வருடமே கோப்பையைத் தூக்கியது.

இப்படியொரு கதை என்பிஏவில் நடக்க வழியே கிடையாது. 82 ஆட்டம் ஆடி, அதற்கு மேல் ஏழில் நான்கு ஜெயித்து, கடைசியில் யார் பலசாலி என்று எல்லோருக்கும் தெரியுமோ அவரே பலசாலி என்று ஜூனில் அறிவிப்பார்கள்.

கார்னர்த்ரீ

அந்த இழையில் கேட்டது நான்தான். கோயம்புத்தூரிலிருந்து காலை ஆறு மணிக்கு எழுந்து இறுதிப் போட்டி பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் கடுகடுப்பாகத்தான் எழுதுவேன்.

அண்ணே, யூஎம்பிசி கதையைச் சொன்னீர்கள், நல்ல கதை. 2011 இறுதிப் போட்டியையும் சொல்லுங்கள். கனெக்டிகட் 53, பட்லர் 41. பட்லர் 64 முறை எறிந்து 12தான் உள்ளே போனது. நாடே உட்கார்ந்து பார்க்கும் இறுதி ஆட்டம் அது! பதட்டம் இருந்தால் போதும், பந்து கூடைக்குள் போக வேண்டாம் என்றால் அப்புறம் எதற்குக் கூடைப்பந்து?

ஏழு ஆட்டத் தொடரைப் பலம் பார்க்கும் தராசு என்று மட்டும் நினைக்கிறீர்கள். எனக்கு அது ஒரு நீண்ட உரையாடல். 2015 என்பிஏ இறுதித் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கோல்டன் ஸ்டேட் 2–1 என்று கிளீவ்லாண்டிடம் பின்தங்கியிருந்தது. நான்காம் ஆட்டத்தில் அதன் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், உயரமான போகட்டை உட்கார வைத்துவிட்டு இகுடாலாவை முதல் ஐந்து பேரில் இறக்கினார். அந்த வருட லீக் ஆட்டங்களில் இகுடாலா ஒரு முறைகூட முதல் ஐந்தில் இறங்கியதில்லை. உயரத்தை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கினார்கள். அடுத்த மூன்றும் அவர்களுக்கே. தொடர் நாயகன் விருதும் இகுடாலாவுக்கே. ஒரே இரவில் முடிகிற போட்டியில் இந்த யோசனைக்கு நேரமே இல்லை. தோற்ற பயிற்சியாளர் அதை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் யோசிப்பார்.

ஜெர்சி_சிட்டிக்காரி

நான் இரண்டு பக்கமும் அடி வாங்கியவள், சொல்லவா?

2022இல் எங்கள் ஊர் செயின்ட் பீட்டர்ஸ். கென்னடி புலிவார்டில் இருக்கும் சின்ன ஜெசூட் பல்கலைக்கழகம். நியூவார்க் அவென்யூவில் மளிகை வாங்கப் போகும் நம்மவர்கள் பலருக்கு அங்கே ஒரு கூடைப்பந்து அணி இருப்பதே தெரியாது. 15ஆம் இடத்தில் வைத்திருந்தார்கள். கென்டக்கியைக் கூடுதல் நேரத்தில் 85–79, அடுத்து மர்ரே ஸ்டேட்டை 70–60, அப்புறம் பர்டூவை 67–64. 15ஆம் இடத்து அணி ஒன்று கடைசி எட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஊரே மயில் நிறத்துக்கு மாறியது. அவர்கள் அணியின் பெயர் பீகாக்ஸ். பக்கத்துக் கடைக்காரர், பஸ் டிரைவர், யாரோடும் அதைப் பேச முடிந்தது.

வட கரோலினாவிடம் 69–49 என்று தோற்றார்கள். அதுவும் சரி. ஆனால் சில நாட்களிலேயே பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே சீட்டன் ஹாலுக்குப் போய்விட்டார். அணியின் முக்கியமான பையன்கள் ஆளுக்கொரு கல்லூரியாக மாறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல வாய்ப்பு வந்தால் யார்தான் போகமாட்டார்கள்? ஆனால் அடுத்த நவம்பரில் அரங்குக்குப் போனால் யாரைப் பார்த்துக் கை தட்டுவது என்று தெரியவில்லை. சட்டை மட்டும்தான் அதே சட்டை.

ஸ்கார்பரோ_பெடியன்

அக்கா சொன்னதுதான் என்னுடைய கேள்வியும். டொரோண்டோவில் எங்களுக்குக் கல்லூரி அணி என்ற பற்றே இல்லை, மார்ச் மாதம் வந்து போவது தெரியாது. எங்களுக்கு எங்கள் ஊர் என்பிஏ அணி ராப்டர்ஸ்தான். 2019 மே மாதம், பிலடெல்பியாவோடு ஏழாம் ஆட்டம், 90–90. எங்கள் கவாய் லெனார்ட் மூலையில் இருந்து எறிந்த பந்து வளையத்தில் நான்கு தரம் துள்ளி உள்ளே விழுந்தது. ஏழாம் ஆட்டம் ஒன்று நேரம் முடியும் மணியோடு விழும் பஸர் ஷாட்டில் முடிந்தது என்பிஏ வரலாற்றில் அதுதான் முதல் தடவை. ஒரே இரவுப் பதட்டம் கல்லூரிக்கு மட்டும் சொந்தம் என்று டர்ஹம் அண்ணை கதைக்கிறார். ஏழாம் ஆட்டம் என்றால் என்ன? அதுவும் தோற்றால் வீடுதானே! அதற்கு முன் ஆறு ஆட்டத்துக் கோபதாபமும் சேர்ந்திருக்கும்.

டர்ஹம்வாசி

தம்பி, அந்த ஷாட் எனக்கும் பிடிக்கும். அந்தக் கவாய் அடுத்த மாதம் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு ஜூலையில் எங்கே போனார்? கிளிப்பர்ஸுக்கு. டொரோண்டோவில் இருந்தது ஒரே வருடம். 2025 பிப்ரவரியில் டாலஸ், லூகா டான்சிச்சை ராத்திரியோடு ராத்திரியாக லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. முந்தைய ஜூனில் இறுதிப் போட்டி வரை கூட்டிப்போன ஆள்! ரசிகர்கள் அரங்குக்கு வெளியே சவப்பெட்டி வைத்து அழுதார்கள். கல்லூரிப் பையன் போனால் அவன் முடிவெடுத்துப் போகிறான். இங்கே ஆளைக் கேட்காமலே அனுப்பிவிடுகிறார்கள்.

பற்று ஆளின் மேல் இருந்தால்தான் இந்த வலி. எங்களுக்குப் பற்று கல்லூரியின் மேல். எங்கள் டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் அரங்கில் 9,314 இருக்கைகள்தான், மாணவர்கள் கோட்டின் ஓரத்திலேயே நின்று கத்துவார்கள். வட கரோலினா ஆட்டத்துக்கு இடம் பிடிக்க வாரக்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். டியூக்கின் பழைய பயிற்சியாளர் கோச் கே பெயரில் கூடார ஊரே உண்டு. வட கரோலினாப் பல்கலைக்கழகம் இருப்பது பத்து மைல் தூரத்தில். ஒரே ஆபீஸில் இரண்டு கட்சிக்காரர்களும் வேலை பார்க்கிறோம். யார் ஆடினாலும் அந்தப் பகை மாறாது. 2022இல் கோச் கே ஓய்வு பெறும் வருடம், அவருடைய கடைசி உள்ளூர் ஆட்டத்திலும் வட கரோலினாவே ஜெயித்தது, நியூ ஆர்லியன்ஸ் அரையிறுதியில் 81–77 என்று அவர்களே ஜெயித்தார்கள். இங்கே திங்கட்கிழமை காபி இயந்திரம் பக்கமே நான் போகவில்லை.

கார்னர்த்ரீ

பகை மாறாது, சரி. அந்தப் பகையை இப்போது யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள்.

2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, ஒவ்வொரு கல்லூரியுமே முதல் வருடத்தில் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை வீரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம். அதற்கு முன்பே, கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்ற விதியும் போய்விட்டது. பையன்களுக்குப் பணம் கிடைப்பது நியாயம், அவர்களை வைத்துத்தானே கல்லூரிகளும் டிவி கம்பெனிகளும் இத்தனை காலம் சம்பாதித்தன. ஆனால் உங்கள் கதையின் அஸ்திவாரமே அங்கே ஆட்டம் கண்டுவிட்டது. சின்னக் கல்லூரியில் ஒரு பையன் நன்றாக ஆடினால் அடுத்த ஏப்ரலில் பெரிய கல்லூரி வாங்கிவிடும். 2025 மார்ச்சில் கடைசி 16 அணிகளும் நான்கே நான்கு பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை. கடைசி நான்கும் முதலிடத்து அணிகள்: ஃபுளோரிடா, டியூக், ஆபர்ன், ஹூஸ்டன். யூஎம்பிசி எங்கே, செயின்ட் பீட்டர்ஸ் எங்கே?

என்பிஏவில் ஒப்பந்தம் இருக்கிறது, சம்பள வரம்பு இருக்கிறது, யார் எத்தனை வருடம் இருப்பார் என்று முன்கூட்டியே தெரியும். ஸ்டெஃப் கரி 2009இல் கோல்டன் ஸ்டேட் வந்தார், இன்னமும் அங்கேதான். நிகோலா யோகிச் 2014இல், அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் 41ஆவது ஆளாக டென்வருக்கு எடுக்கப்பட்டார், அந்த நேரத்தில் டிவியில் டாக்கோ பெல் உணவக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதே டென்வரில் வளர்ந்து 2023இல் கோப்பை. ஒரு ஆளோடு கூடவே வயதாகிற சுகம் கல்லூரியில் கிடைக்குமா?

ஜெர்சி_சிட்டிக்காரி

கரியைச் சொன்னீர்கள், அவரை நாடு முதலில் பார்த்ததே 2008 மார்ச்சில்தான். டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரி, 10ஆம் இடம், கடைசி எட்டில் கான்சஸிடம் 59–57 என்று தோற்றது. இன்றைக்கு என்றால் அவரை இரண்டாம் வருடமே யாராவது கொத்திக்கொண்டு போயிருப்பார்கள்.

பெண்கள் பக்கம் யாரும் பேசவில்லையே? 2024 பெண்கள் கல்லூரி இறுதிப் போட்டியை 1.8 கோடிக்கு மேல் டிவியில் பார்த்தார்கள், ஆண்கள் இறுதிப் போட்டியைவிட அதிகம். கெய்ட்லின் கிளார்க் அயோவாவில் நான்கு வருடம் ஆடிச் சேர்த்த கூட்டம் அப்படியே அவர் சேர்ந்த பெண்கள் தொழில்முறை அணி இண்டியானா ஃபீவருக்குப் பின்னால் வந்தது. அங்கே கல்லூரிதான் ரசிகரை உண்டாக்கித் தொழில்முறை லீக்கின் கையில் கொடுத்தது.

டர்ஹம்வாசி

2025ஐச் சொல்கிறீர்கள். சின்ன அணி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆட்டம் எப்படி இருந்தது? அரையிறுதியில் டியூக் கடைசி நிமிடத்திலும் ஆறு புள்ளி முன்னால். ஹூஸ்டன் 70–67 என்று ஜெயித்தது. நான் டிவியை அணைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஹூஸ்டனே 65–63 என்று ஃபுளோரிடாவிடம் தோற்றது.

ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை என்பிஏ ஆட்டம் ஒன்றில் இதில் பாதி தீவிரத்தைக் காட்டுங்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போனால் நட்சத்திரம் கோட்டு போட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். 65 ஆட்டமாவது ஆடினால்தான் பெரிய விருது என்று 2023இல் விதி போட வேண்டி வந்ததே!

கார்னர்த்ரீ

ஜனவரி செவ்வாய்க்கிழமையை நான் காப்பாற்ற மாட்டேன், 82 ஆட்டம் அதிகம்தான். ஆனால் அந்த ஃபுளோரிடா ஆட்டத்தின் கடைசி நொடிகளைத் திரும்பப் பாருங்கள். ஜெயிக்க ஒரு ஷாட் தேவை, ஹூஸ்டனால் ஷாட்டே எறிய முடியவில்லை. பந்து கையைவிட்டுப் போய் உருண்டது, கோப்பை முடிந்தது. மாறாக, 2025 என்பிஏ இறுதியில் இண்டியானாவின் ஹாலிபர்ட்டன் 0.3 நொடி மிச்சம் வைத்து ஓக்லஹோமாவை முதல் ஆட்டத்தில் சாய்த்தார். ஓக்லஹோமாவுக்கு அதற்குப் பதில் சொல்ல இன்னும் ஆறு ஆட்டம் இருந்தது. ஏழாவது ஆட்டத்தில் சொல்லி முடித்தார்கள்.

டர்ஹம்வாசி

அந்த ஏழாவதில் ஹாலிபர்ட்டன் முதல் கால்வாசியிலேயே குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். அதுவும் தராசில் எடை பார்த்ததுதானா?

ஸ்கார்பரோ_பெடியன்

இரண்டு பேரும் அடிபடுங்கோ, எனக்கு ஒரு உதவி. வரும் மார்ச்சில் முதல் வாரம் மட்டும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எந்தக் கல்லூரியோடும் சம்பந்தம் இல்லாத ஆள், யாருடைய பக்கம் நிற்பது?

ஜெர்சி_சிட்டிக்காரி

முதல் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மத்தியானம் லீவு போடுங்கள். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவு வரை ஓடும். வரிசையில் கீழே இருக்கும் அணி எதுவோ அதற்குக் கத்துங்கள். டியூக்குக்கு மட்டும் வேண்டாம், அவர்களுக்கு ஆள் போதும்.

டர்ஹம்வாசி

இதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.