எஸ்.பி.எம். செய்து வாங்குவதா, வி.எம்.சி. போடுவதா?

கணபதி பட்டறை:
கோவையில் சிறிய பட்டறை. ஒரு பம்ப் நிறுவனத்துக்கு வார்ப்பிரும்பு ஃபிளாஞ்ச் (குழாயை இணைக்கும் விளிம்புத் தட்டு) செய்து கொடுக்கிறோம்: எட்டுத் துளை, எட்டிலும் மரை. ரேடியல் டிரில்லில் ஜிக் (துளையின் இடத்தைக் காட்டும் வழிகாட்டி) வைத்து ஒவ்வொன்றாகப் போடுவது இனிக் கட்டுப்படியாகாது. எட்டையும் ஒரே இறக்கத்தில் போடும் எஸ்.பி.எம். (இந்த ஒரு வேலைக்கென்றே செய்யும் தனி இயந்திரம்) செய்து வாங்கலாமா, வி.எம்.சி. (புரோகிராமை மாற்றிப் பல பாகங்களுக்கும் பயன்படுத்தும் கணினி இயந்திரம்) போடலாமா?

மரைகழன்றவன்:
எஸ்.பி.எம்.தான். எட்டு ஸ்பிண்டிலும் (பிட்டைச் சுழற்றும் தண்டு) சேர்ந்து இறங்கினால் ஒரு துளையின் நேரத்தில் எட்டும் முடியும். வி.எம்.சி. துளைக்குத் துளை நகர்ந்து, டூலை மாற்றி, மரைக்காக மறுபடி சுற்றி வரும். ஒரே உருப்படி ஆண்டு முழுக்க ஓடும்போது அதெல்லாம் தண்டம்.

நூல்பிடி:
ஓடும் என்று யார் எழுதிக் கொடுத்தது? ஃபோர்டு நிறுவனம் டி மாடல் காருக்கென்றே தனி இயந்திரங்களாக நிறுத்தி வைத்திருந்தது. 1927 மே மாதம் அதை விட்டு ஏ மாடலுக்கு மாறியபோது ஏறக்குறைய ஆறு மாதம் உற்பத்தி நின்றது. செவர்லேயில் வில்லியம் நூட்சன், அவரும் பழைய ஃபோர்டு ஆள்தான், பொதுப்பயன் இயந்திரங்களையே அதிகம் வைத்தார். 1929 மாடலுக்கு நான்கு சிலிண்டரிலிருந்து ஆறுக்கு மாறச் சில வாரங்களே ஆயின.

மரைகழன்றவன்:
1908இல் 850 டாலருக்கு விற்ற காரை 300க்கும் கீழே இறக்கியதும் அதே தனி இயந்திரங்கள்தாம். ஒன்றரைக் கோடி கார் விற்றுச் சம்பாதித்த பிறகு வந்த ஆறு மாதத்தை மட்டும் எண்ணுகிறீர்களே!

நூல்பிடி:
எப்போது நிறுத்துவது என்பது ஃபோர்டின் கையில் இருந்தது. இவர் ஜாப் ஆர்டர்காரர், பிறர் தரும் வரைபடப்படி செய்து கொடுப்பவர். பி.சி.டி.யை (துளைகள் அமையும் வட்டத்தின் விட்டம்) ஐந்து மில்லிமீட்டர் மாற்றிப் புது வரைபடம் வந்தால் எட்டு ஸ்பிண்டிலையும் தாங்கும் ஹெட் காயலான் கடைக்குத்தான். வி.எம்.சி.யில் புரோகிராமில் ஓர் எண்ணை மாற்றி, பாகத்தைப் பிடித்து வைக்கும் ஃபிக்சரைக் கொஞ்சம் திருத்தினால் போதும்.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன்:
காயலான் கடைவரை போக வேண்டாம், தம்பி. யுனிவர்சல் ஜாயிண்ட் (சாய்ந்தாலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) வைத்து ஸ்பிண்டிலை நகர்த்தும் ஹெட்டும் உண்டு. சிறு மாற்றத்தைத் தாங்கும். ஆனால் ஒவ்வொரு ஸ்பிண்டிலாக இடம் பார்த்து இறுக்கி, மாதிரி போட்டு அளந்து, ஒன்று தள்ளியிருந்தால் மறுபடி தளர்த்தி... ஒரு ஷிப்டு போய்விடும். எட்டில் ஒரு பிட் முறிந்தாலும் எட்டும் நிற்கும். எஸ்.பி.எம்.முக்கு மறுவிற்பனையும் கிடையாது.

மரைகழன்றவன்:
விற்பதற்கா வாங்குகிறார், ஐயா? பக்கத்துப் பட்டறை எஸ்.பி.எம்.மில் போட்டு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டால் ஆர்டரே அங்கே போய்விடும். அப்புறம் வி.எம்.சி.யில் எதைப் போடுவார்?

நூல்பிடி:
அடுத்த கம்பெனியின் பாகத்தை. வேறெதற்கு அது?

கணபதி பட்டறை:
எஸ்.பி.எம். செலவில் பாதியை டூலிங் (அவர்கள் பாகத்துக்கான கருவிச் செலவு) கணக்கில் ஏற்கும்படி பம்ப் நிறுவனத்தையே கேட்கப் போகிறேன். பணம் போட்டவர்கள் வரைபடத்தைச் சும்மா மாற்ற மாட்டார்கள். மறுத்தால் வி.எம்.சி.

மரைகழன்றவன்:
பாதி ஏன்? முழுவதையும் கேளுங்கள்.

நூல்பிடி:
கேளுங்கள். கொள்முதல் மேலாளர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். வி.எம்.சி.க்குக் கொட்டேஷனை இன்றே வாங்கி வையுங்கள்.